பருத்தித்துறையா, கீரிமலையா, காரைநகரா, மணற்காடா: ஓகஸ்ட் மாதக் குடும்ப நடைக்கு ஓர் ஒப்பீடு

அக்காவின் குடும்பம் ஓகஸ்ட் மாதத்தில் கனடாவிலிருந்து வருகிறது. விமானச் சீட்டு எடுத்த கையோடு அத்தான் தொலைபேசியில் தம் விருப்பம் ஒன்றைச் சொல்லிவிட்டார். கோவில், கலியாண வீடு, உறவினர் விருந்து என்று மூன்று வாரமும் வாகனத்துக்குள்ளேயே கழிந்துவிடாமல், ஒரு நாளாவது வீட்டார் எல்லாரும் சேர்ந்து கடலோர முனை ஒன்றில் இரண்டு மணித்தியாலம் நடக்கவேண்டும் என்பதே அது. கேட்டபோது மிகச் சிறிய விருப்பமாகத்தான் தெரிந்தது. முப்புறமும் கடல் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரைக்கா பஞ்சம்? ஆனால் எழுபத்து நான்கு வயதில் முழங்கால் நோவோடு இருக்கும் அம்மா, ஆறு வயது மருமகன், எதையும் படம் எடுக்காமல் நகராத பன்னிரண்டு வயது மருமகள், அக்கா, அத்தான், என் மனைவி, நான் என்று ஏழு பேரையும் மனத்தில் நிறுத்தி இடம் தேடத் தொடங்கியபோது, ஒருவருக்குப் பொருந்திய கரை இன்னொருவருக்குப் பொருந்தாமல் போனது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து உறவினர் வரும் வீடுகள் பலவற்றில் இதே கேள்வி எழக்கூடும் என்பதால், நான் எடைபோட்டுப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

அத்தானின் மனத்தில் இருக்கும் முனை, கடலுக்கு மேலே செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை என்பதை அவர் அனுப்பிய படங்களிலிருந்து அறிந்துகொண்டேன். திருகோணமலையில் கோணேசர் கோவில் அமைந்திருக்கும் சுவாமிமலையைப் போன்ற அத்தகைய உயரம் யாழ்ப்பாணத்தில் எங்கும் கிடையாது. குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின்மேல் தட்டையாகப் படுத்திருக்கும் நிலம். பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறை, கீரிமலை வரையான வடகரையில் அந்தக் கல் கடலோரம்வரை வந்து சில அடி உயரத்தில் முடிகிறது. பருத்தித்துறைக்குத் தெற்கே திரும்பினால் கல் மறைந்து மணல் மேடுகள் தொடங்குகின்றன. மேற்கே தீவுகளின் பக்கம் ஆழமற்ற கடலும் வெண்மணலுமாக இருக்கிறது. ஆகவே நமது ஊரில் முனை என்பது உயரத்தைக் குறிக்கும் சொல் அன்று. கரை திசை திரும்பும் இடத்தையும், அங்கே காற்றும் அலையும் மாறுவதையுமே அது குறிக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வருகிறவர்கள் ஏமாறமாட்டார்கள். அத்தானுக்கு நான் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார்.

தேர்வுக்கான அளவுகோலை எனக்குத் தந்தவர் அம்மா. "நடக்கிறதெண்டால் நடப்பன் தம்பி, ஆனால் நடந்த வழியாலை திரும்பி நடக்கமாட்டன்" என்றார். முதலில் அதைச் சலிப்பு என்றே எண்ணினேன். பின்னர் யோசித்தபோது, குடும்ப நடைகள் பெரும்பாலும் கெட்டுப்போவது திரும்பும் வழியில்தான் என்பது நினைவுக்கு வந்தது. போகும்போது எல்லாரும் உற்சாகமாக இருப்பார்கள். களைப்பு தெரியும் இடம் வந்து சேரும்போது, புறப்பட்ட இடம் அதே அளவு தூரத்தில் பின்னால் கிடக்கும். ஆகையால் நல்ல காட்சியைவிட முதலில் பார்க்கவேண்டியது, நடக்கும் வழிக்குப் பக்கத்திலேயே வான் வரக்கூடிய வீதி இருக்கிறதா என்பதே. அதற்கு அடுத்தபடியாகத்தான் நிழல், மலசலகூடம், குடிதண்ணீர், கடலின் தன்மை ஆகியவை. இந்த ஆண்டு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. நல்லூர் மகோற்சவம் நடக்கும் இருபத்தைந்து நாட்களில் பெரும்பாலான மாலைகளில் அம்மா கோவில் வீதியில் இருக்க விரும்புவார் என்பதால், நடை காலையில் முடியவேண்டும்.

நெடுந்தீவை முதலிலேயே விலக்கிவிட்டேன். முருகைக்கல் வேலிகளும் கட்டாக்காலிக் குதிரைகளும் பெருக்கமரமும் உள்ள அந்தத் தீவைப்போல் வேறோர் இடம் நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் குறிகாட்டுவானிலிருந்து படகேறவேண்டும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் படகு ஆடும். போவதையும் வருவதையும் படகின் நேரமே தீர்மானிக்கும். அதைத் தனி நாளாக, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டிய பயணமாகவே கொள்ளவேண்டும்.

மணற்காட்டை விலக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, வல்லிபுர ஆழ்வார் கோவிலுக்கு அப்பால், வடமராட்சி கிழக்குக் கரையில் எழுந்து நிற்கும் மணற்குன்றுகள் குடாநாட்டில் ஓரளவாவது ஏறி இறங்கக்கூடிய ஒரே நிலம் என்று சொல்லலாம். மேட்டின் உச்சியில் நின்றால் ஒரு பக்கம் வங்காள விரிகுடா திறந்து கிடக்கும்; மறுபக்கம் சவுக்குத் தோப்புத் தெரியும். மணலில் பாதி புதைந்துபோன பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களைக் கண்டால் மருமகள் அவ்விடத்தை விட்டு அசையமாட்டாள். அலைக்கு மேலே மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடி. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று பாடசாலையில் படித்தவர்கள், அந்தக் கொடி உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை அங்கே கண்ணால் காணலாம். அதோடு இராவணன் மீசை என்ற முள்ளுப் புல்லும் அங்கு வளர்கிறது. காய்ந்த அதன் உருண்டைகள் காற்றில் மணல்மேல் ஓடுவதைப் பிள்ளைகள் துரத்திக்கொண்டு போவார்கள். வெறுங்காலில் துரத்தினால் அழுதுகொண்டு திரும்பி வருவார்கள்.

இருந்தும் எங்கள் ஏழு பேருக்கு அது பொருந்தாது. மணலில் ஒரு கிலோமீற்றர் நடப்பது, தார் வீதியில் இரண்டு கிலோமீற்றர் நடப்பதைவிட முழங்காலுக்குக் கடுமையானது. மேட்டின்மேல் நிழல் இல்லை. ஓகஸ்ட் மாதத்தில் காலை ஒன்பது மணிக்கே மணல் சுடும். சோளகம் வீசும் நாட்களில் மணல் பறந்து கண்ணிலும் வாயிலும் விழும். வான் கிராமத்து வீதியில் நிற்கும், நடப்பவர் குன்றுக்கு அப்பால் நிற்பார். கடலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அது பாறைத் தடுப்பில்லாத திறந்த கடல். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கு ஊர்களை எவ்வாறு அள்ளிச் சென்றது என்பதை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. சாதாரண நாட்களிலும் பிள்ளைகளை அந்தக் கரையில் கடலுக்குள் இறக்குவது சரியன்று. இளைஞர்கள் மட்டும் போவதானால் நான் வேறு எந்த இடத்தையும் எண்ணிப் பார்க்காமல் மணற்காட்டையே சொல்லுவேன். (மணல் அகழ்வு இந்தக் கரையின் பெரிய கவலைகளில் ஒன்று. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.)

காரைநகரை அக்கா விரும்பினார். அவருடைய நினைவில் அது பாடசாலைச் சுற்றுலா போன கசூரினா கடற்கரை. சவுக்கு மரங்களின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அந்தக் கரையில் நிழல் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, உடை மாற்றவும் இடம் இருக்கிறது. கடல் நெடுந்தூரம் ஆழமில்லாமல் போவதால் சிறு பிள்ளைகளோடு குளிப்பதற்குக் குடாநாட்டில் இதைவிட ஏற்ற இடம் குறைவு. அங்கிருந்து மேற்கே கரையோரமாக நடந்தால் தீவின் வடமேற்கு மூலையில் கோவளம் வெளிச்சவீடு வரும். 1916இல் கட்டப்பட்ட அது ஏறத்தாழ முப்பது மீற்றர் உயரமானது. கரை திசை திரும்புகிறது, முனையில் கோபுரம் நிற்கிறது, மாலையில் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது என்று பார்த்தால், அத்தான் அனுப்பிய படங்களுக்கு மிகக் கிட்டிய இடம் இதுதான். பொன்னாலையிலிருந்து கடலுக்கு நடுவே போகும் நீண்ட பாலமும் பயணத்தின் பாதி இன்பம். வழியில் ஈழத்துச் சிதம்பரம் என்று போற்றப்படும் சிவன் கோவிலுக்கும் போய்வரலாம் என்பதால், அம்மாவுக்கும் மறுப்பில்லை.

குறை அந்த நடையிலேயே இருக்கிறது. ஈர மணலில் கால் பதியாமல் நடக்கலாம் என்றாலும் கரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால், முழங்கால் நோவுள்ளவருக்கு ஒரு காலில் மட்டும் பாரம் விழும். நடக்கும் கரைக்கும் வீதிக்கும் இடையில் மணலும் பற்றையும் கிடக்கின்றன. பாதி வழியில் அம்மா களைத்துவிட்டால் வானை அழைப்பதற்கு இலகுவான இடமில்லை. வெளிச்சவீட்டடிக்கு வானை முன்கூட்டியே அனுப்பிவைக்கலாம். ஆனால் அங்கு போய்ச் சேர்ந்தால்தானே அது உதவும்? கசூரினாவின் அழகு மாலைக்குரியது, மாலையோ நல்லூருக்குரியது. சனி ஞாயிறுகளில் பாட்டுப் பெட்டியும் போத்தலுமாக வரும் கூட்டத்தைப் பற்றி நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. தீவுப் பகுதித் தண்ணீர் உவர் என்பதால் குடிதண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போகவேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, காரைநகரை நடைக்கு வைக்காமல் குளிப்புக்கு வைப்பதே நல்லது என்று எனக்குப் பட்டது. கிழமை நாள் ஒன்றில் காலை பத்து மணிக்குள் பிள்ளைகளை இறக்கிக் குளிக்கவிட்டுத் திரும்பிவிடலாம்.

இப்போது கீரிமலை. உண்மையான போட்டி இதற்கும் பருத்தித்துறைக்கும் இடையில்தான். ஏனென்றால் இவை இரண்டில்தான் நடை முழுவதும் வீதி கடலோடு ஒட்டி ஓடுகிறது.

கீரிமலையிலிருந்து மேற்கே மாதகல் நோக்கிப் போகும் கரையோர வீதி, குடாநாட்டின் மிக அமைதியான கடலோர வழிகளுள் ஒன்று. வலப் பக்கத்தில் கல் விளிம்பும் நீலக் கடலும் கூடவே வரும். சம்பில்துறையை அடைந்தால், அது மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளப் பட்டினம் என்பதும், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கிய துறை என்று கருதப்படுவதும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கவை. இன்னும் சிறிது தூரம் போனால் மாதகல் லூர்து அன்னையின் கெபி, அதாவது குகைக் கோவில். ஒரே கரையில், அரை நாளுக்குள், சைவம், பௌத்தம், கத்தோலிக்கம் என்ற மூன்றின் யாத்திரைத் தலங்களையும் கடந்து நடக்கக்கூடிய வேறு வழி எனக்குத் தெரியாது.

கீரிமலைக் கேணியைச் சொல்லாமல் விடமுடியாது. கடலலை தெறிக்கும் தூரத்தில், மதிலுக்கு இப்பால், உப்புக் கரிக்காத ஊற்று நீர் எப்படி வருகிறது என்று மருமகன் கட்டாயம் கேட்பான். உள்நாட்டில் பெய்த மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியில் மெல்ல மெல்லக் கடலை நோக்கி வந்து, கரையில் வெடிப்பு திறந்திருக்கும் இடத்தில் வெளியேறுகிறது. அந்த இடத்தில் கட்டியதுதான் கேணி. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இதில் நீராடி முகம் மாறினார் என்பதும், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லி மாவிட்டபுரத்துக் கோவிலை எழுப்பினாள் என்பதும் நாம் சிறுவயதில் கேட்ட கதைகள். நகுலேஸ்வரம் ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்று என்பதால் அம்மாவுக்கு அது கடற்கரை அன்று, தலம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி இருப்பதும் வசதிதான்.

ஆனால் அந்தத் தலத்தோடு அம்மாவுக்கு உள்ள தொடர்பே என்னைத் தயங்க வைத்தது. அப்பா காலமான பின்னர் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் நாங்கள் அங்கே போய்ப் பிதிர்க்கடன் செய்து வருகிறோம். அம்மாவின் மனத்தில் கீரிமலை என்றால் எள்ளும் தண்ணீரும்தான். அங்கே தொப்பி அணிந்து, படம் எடுத்து, சிரித்துக்கொண்டு நடப்பதை அவர் தடுக்கமாட்டார்; ஆனால் அவர் சேர்ந்து சிரிக்கவும் மாட்டார். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாருக்கும் பொதுவான காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. ஓகஸ்டில் வருகிறவர்கள் ஆடி அமாவாசை எந்த நாளில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். அன்று கீரிமலையில் நடக்க இடமிராது.

திசை பற்றியும் ஒரு சிக்கல் உண்டு. வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்க்கும்வரை அது எனக்கே தோன்றவில்லை. குளிப்பு நடையின் முடிவில் வரவேண்டும். நனைந்த உடையோடு யாரும் நடக்கமாட்டார்கள். அப்படியானால் சம்பில்துறையில் தொடங்கிக் கீரிமலையில் முடிக்கவேண்டும். அது மேற்கிலிருந்து கிழக்காகப் போகும் வழி. காலையில் நடந்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மறுதிசையில் நடந்தால் வெயில் முதுகில் இருக்கும். ஆனால் குளிப்பு தொடக்கத்தில் வரும். மாலையில் இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும் என்றாலும், மாலை எங்களிடம் இல்லை.

இந்தக் கரையின் இன்னொரு தன்மையையும் சொல்லவேண்டும். 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் நிலங்கள் போர் முடிந்த பின்னர் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. கூரையற்ற வீடுகளையும், அரச மரம் வேரோடிய சுவர்களையும் வழியில் காணலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் இவற்றைப் பார்ப்பதையும் கேள்வி கேட்பதையும் குறையாக நான் கருதவில்லை. ஒரு வகையில் அதுவே இந்த வழியின் சிறப்பு. ஆயினும் நீண்ட காலம் ஆள்புழக்கமற்றிருந்த பற்றைக் காணிகளுக்குள் பிள்ளைகளை இறங்கவிடக்கூடாது. வீதியிலும் ஊரவர் புழங்கும் இடங்களிலும் மட்டுமே நிற்கவேண்டும். அமைதியான வழி என்பதால் கடையும் இல்லை, மலசலகூடமும் இல்லை. இரண்டும் நடையின் அந்தலைகளில்தான்.

பருத்தித்துறையில் இது நேர் எதிராக இருக்கிறது. அங்கே பட்டினம் நடையின் நடுவில் வருகிறது. வெளிச்சவீட்டிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டால், முனை என்றே பெயர் கொண்ட குறிச்சியையும் மீனவர் குடியிருப்புகளையும் துறைமுகத்தையும் கடந்து, பட்டினத்தைத் தொட்டு, காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் கரையோர வீதியால் சக்கோட்டை வரை போகலாம். அம்மாவின் நடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். படம் எடுக்கும் மருமகளின் நடையில் அதற்கும் மேல். சக்கோட்டை முனை இலங்கைத் தீவின் வடகோடி. தேசியக் கொடி தீட்டிய கட்டுமானம் ஒன்று வீதியோரம் நின்று அதை அறிவிக்கிறது. உலக வரைபடத்தில் இலங்கையின் உச்சி என்று விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தானே நிற்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை அத்தானுக்கு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. வெளிச்சவீடும் கோவளத்தினுடையதைப்போல் 1916இல் எழுந்ததுதான். உயரம் முப்பத்திரண்டு மீற்றர். அதன்மேல் ஏறலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாமல், வெளியே நின்று பார்ப்பதாகவே திட்டமிடுவது நல்லது.

போர்த்துக்கேயர் இந்த இடத்துக்குக் கற்களின் முனை என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அதுதான் திரிந்து இன்றைய ஆங்கிலப் பெயராயிற்று. நாம் பருத்தி ஏற்றிய துறையைப் பெயரில் வைத்தோம், அவர்கள் கப்பலை உடைக்கும் கல்லை வைத்தார்கள். நடக்கும்போது அந்தக் கல்லைக் காணலாம். அலை பின்வாங்கும்போது கரைக்கு அருகே தட்டையான பாறைத் தளம் தெரியும். அதன் குழிகளில் தேங்கும் நீரில் சிறு மீனும் நண்டும் இருக்கும். நமது கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டாது என்பதால், கடலேறி வழி மறியும் என்று வேறு நாடுகளில்போல் அஞ்சவேண்டியதில்லை. பாசி பிடித்த கல்லில் வழுக்குவதுதான் இங்குள்ள அபாயம். பிள்ளைகளுக்குப் பின்னால் பட்டியுள்ள செருப்பு வேண்டும். கழன்று விழும் செருப்பு உதவாது.

காற்றும் இந்தக் கரைக்கே சாதகமாக இருக்கிறது. ஓகஸ்டில் வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால், வடகரையில் அது நிலத்தைக் கடந்து கடலை நோக்கிப் போகிறது. அதனால் கரையருகே அலை அடங்கியிருக்கும். கடலின் நீர்த்துளி முகத்தில் அடிக்காது. குடை பிடிக்கிறவர்களுக்கு மட்டும் தொல்லை. தலையைச் சுற்றிக் கட்டக்கூடிய தொப்பி அல்லது அம்மாவின் சேலைத் தலைப்புத்தான் இந்தக் காற்றுக்குச் சரி. வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழாகிவிடும். கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குக் காற்று இதே கல்லில் அலையை மோதி வீதிவரை தெறிக்கச் செய்யும். மழையும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். மாசி, பங்குனியில் வருகிறவர்களுக்குக் கடல் எல்லாப் பக்கமும் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் நல்லூர்த் திருவிழாவும் இல்லை என்பதால், காரைநகரின் மாலை நடையையே அவர்களுக்கு நான் முதலில் சொல்லுவேன்.

பருத்தித்துறையின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. இது தொழில் நடக்கும் கரை. காலையில் படகுகள் வந்து சேரும், மீன் ஏலம் போகும், வலை காயும், கருவாடு நாறும். சில இடங்களில் கழிவும் கிடக்கும். பட்டினம் தன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளர்ந்துவிட்டது என்ற வருத்தம் எனக்கு உண்டு. வீதியில் நடைபாதை கிடையாது. விடியற்காலையில் வாகனம் குறைவு என்பதால் மட்டுமே இந்த நடை இயலும், எட்டு மணிக்குப் பின்னர் ஆறு வயதுப் பிள்ளையோடு அங்கு நடக்கமாட்டேன். விரித்த வலைமேல் கால் வைக்காமலும், தொழிலாளரைப் படம் எடுக்கும் முன்னர் கேட்டும் நடந்துகொள்ள மருமகளுக்குச் சொல்லிவைக்கவேண்டும். திருவிழாக் காலத்தில் மரக்கறிச் சாப்பாட்டோடு இருக்கும் வீட்டார் மீன் ஏலத்துக்கு நடுவே நடப்பது பற்றி மனைவி சிரித்துக்கொண்டு கேட்டாள். பார்ப்பதால் விரதம் கெடாது என்பது அம்மாவின் தீர்ப்பு.

பட்டினம் நடுவில் வருவதன் பயன் இந்தக் குறைகளைவிடப் பெரியது. பேருந்து நிலையத்தடியில் மலசலகூடம் உண்டு, தேத்தண்ணீர்க் கடை உண்டு, களைத்தவர் அமர இடம் உண்டு. அங்கிருந்து தும்பளை வீதிப் பக்கம் சிறிது விலகினால் தெருமூடி மடத்தைக் காணலாம். வீதியின் இரு மருங்கிலும் கற்றூண்களோடு திண்ணை அமைத்து, வீதிக்கு மேலாகவே கூரை வேய்ந்த அந்த மடம், கால்நடையாக வந்தவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி இளைப்பாறக் கட்டப்பட்டது. நடையைப் பற்றி யோசித்துக் கட்டிய கட்டடம் என்று வேறு எதைக் காட்டமுடியும்? நாங்கள் தேடிய நிழல் இந்தக் கரையில் அந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது நடுவழியில் இருப்பதால் போதும். ஓடக்கரைப் பக்கத்தில் பருத்தித்துறை வடை வாங்கலாம். உழுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து மெல்லியதாகத் தட்டிப் பொரித்த அந்த வடை பல நாட்களுக்கு நொறுநொறுப்புக் குறையாமல் இருக்கும். கனடாவுக்குப் போகும் பெட்டிகளில் அதற்கு எப்போதும் ஓர் இடம் உண்டு.

ஆகவே பருத்தித்துறைதான் என்று முடிவு செய்தேன். கிழமை நாள் ஒன்றில் காலை ஐந்து மணிக்குக் கொண்டாவிலில் இருந்து புறப்பட்டால், ஓகஸ்டில் ஆறு மணியளவில் சூரியன் எழும்போது வெளிச்சவீட்டடியில் நிற்கலாம். கிழக்கிலிருந்து மேற்காக நடப்பதால் வெயில் முதுகில் இருக்கும். கீரிமலை வழியில் தீர்க்கமுடியாமல் இருந்த சிக்கல் இங்கே எழவே இல்லை. எங்களை இறக்கிவிட்டு வான் பட்டினத்தில் போய் நிற்கும். அங்கே தேத்தண்ணீர் குடித்த பின்னர், நடக்க முடிந்தவர்கள் சக்கோட்டைக்கு நடப்பார்கள், மற்றவர்கள் வானில் வருவார்கள். எட்டு மணிக்கு எல்லாரும் கொடியடியில் சேர்ந்துவிட்டால் போதும். யாரும் வந்த வழியால் திரும்பி நடக்கவேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரு போத்தல் தண்ணீர், பிள்ளைகளுக்கு மாற்றுடை, அம்மாவுக்கு மடக்குக் கதிரை ஒன்று. வேறு சுமை வேண்டாம்.

திரும்பும்போது வந்த வீதியைத் தவிர்த்து, வல்வெட்டித்துறை வழியாகக் கரையை ஒட்டியே தொண்டைமானாற்றுக்குப் போய்ச் செல்வச்சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வரலாம். வல்வெட்டித்துறையைக் கடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இரண்டு செய்திகள் வைத்திருக்கிறேன். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை ஓடிச் சென்றது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் இதே கரையிலிருந்து பாக்கு நீரிணையை நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். காலை முழுவதும் அவர்கள் பார்த்துக்கொண்டு நடந்த அதே கடல்தான் அது.

கீரிமலைக்கு வேறொரு நாள் குளிக்க மட்டும் போவோம். காரைநகருக்குத் திருவிழா முடிந்த பின்னர் நாள் மிஞ்சினால் போவோம். மணற்காட்டுக்கு அத்தானும் மருமகளும் நானும் மட்டும் ஒரு விடியற்காலையில் போய்வருவதாக, மருமகனுக்குத் தெரியாமல் பேசி வைத்திருக்கிறோம்.

வான்காரத் தம்பிக்கு நாள் சொல்லியாயிற்று. அம்மாவிடம் திட்டத்தை முழுவதும் விளக்கிவிட்டு, பட்டினத்திலிருந்து வானில் வருவீர்களா, நடப்பீர்களா என்று கேட்டேன். "முதல் வடையை வாங்குவம், பிறகு பாப்பம்" என்றார்.